அரை நாள் இளையவள்

பத்மாவுக்குப் பொறாமை உண்டா என்று யாரும் துருவித் துருவிக் கேட்க வேண்டியதில்லை. அவளே சொல்லிவிடுவாள். ஆமாம், வயிறு எரிகிறது, அதற்கென்ன இப்போது என்று ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே பலமுறை சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரிப்பார்கள். வாய்விட்டுச் சொன்னால் உள்ளே இருப்பது கொஞ்சம் குறையும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இம்மியும் குறைந்தபாடில்லை.

பொறாமை மதிவதனி மேல். திருமழிசை மதிவதனி என்றுதான் பத்மா மனசுக்குள் இன்னமும் சொல்லிக்கொள்கிறாள். ஊருக்கு அவள் முனைவர் மதிவதனி, அரசியல் அறிவியல் பேராசிரியர், போன மாதத்திலிருந்து தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

அந்தச் செய்தி வந்தபோது பத்மா அம்பத்தூர் ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் கல்லூரிக் குழுவில் பூங்கொத்துப் படங்களாக வந்து விழுந்தன. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துத் திறந்தவள், படித்துவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த கூட்டம் அவளை இடித்துக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் சுற்றிப் போனது. பத்மா ஓரமாக ஒதுங்கி, 'மிக்க மகிழ்ச்சி மதி' என்று தட்டினாள். உடனே அனுப்பவில்லை. முதல் ஆளாக அனுப்பினால் அலைகிறாள் என்பார்கள், கடைசி ஆளாக அனுப்பினால் எரிகிறாள் என்பார்கள். நடுவில் ஓர் இடம் பார்த்து அனுப்பிவிட்டு, வகுப்புக்குப் போய், கூட்டாட்சித் தத்துவத்தை யாருக்கும் புரியாத மாதிரி நடத்தினாள்.

இருவரும் அம்பத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், ஒரே துறையில், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்த ஒரே நாளில்தான் சங்கதி இருக்கிறது.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. பத்மாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவர் இராமகிருஷ்ணன் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் இருந்தார். பத்மாவின் அப்பாவும் அதே தொழிற்சாலைதான், கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அதனால் பத்மா ஒரு குவார்ட்டர்ஸிலிருந்து இன்னொரு குவார்ட்டர்ஸுக்கு, நாலு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். இராமகிருஷ்ணன் சாதுவான மனிதர். ஒரே ஒரு பிடிவாதம், தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் செருப்பைக்கூட மாட்டமாட்டார். புதுப் பெண்டாட்டி முதன்முதலாக வேலையில் சேரப் போகிறாள் என்று லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. அதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். ரயில் அண்ணனூர் தாண்டி நின்றது, நின்றதுதான். கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உள்ளே போகாதே, வாழ்நாள் பூராவும் இருக்கப்போகிற உத்தியோகம், கொஞ்ச நேரம் பொறுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்றார். பத்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

அப்போது பஸ்ஸிலிருந்து மதிவதனி இறங்கினாள். நேர்முகத் தேர்வில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகியிருந்தார்கள். கூட அவள் அப்பா செங்கல்வராயன், காக்கிச் சட்டையில். திருமழிசையில் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட மனிதர் அவர். அந்த நிலங்கள் தொழிற்பேட்டையாக மாறியதும், தான் நாற்று நட்ட இடத்தில் முளைத்த கம்பெனி ஒன்றுக்கே காவலாளி ஆனார். ராத்திரி டியூட்டி முடித்து, உடுப்பை மாற்றாமல் மகளைக் கொண்டுவந்து விட வந்திருந்தார்.

"இன்னா பத்மா, உள்ள வரலியா?" என்று கேட்டாள் மதிவதனி.

எம்.ஏ. படித்துவிட்டு ராகுகாலம் என்று சொல்லப் பத்மாவுக்குக் கூச்சம். இவர் டீ குடிக்கிறார், நீ போ, வருகிறேன் என்றாள். மதிவதனி விறுவிறுவென்று சாலையைத் தாண்டி உள்ளே போய், ராகுகாலத்தின் நட்ட நடுவில் கையெழுத்துப் போட்டாள். பத்மா பன்னிரண்டு அடித்த பிறகு போய்ப் போட்டாள். எழுத்தர் ஒருத்திக்கு முற்பகல் என்றும் இன்னொருத்திக்குப் பிற்பகல் என்றும் குறித்துக்கொண்டார்.

முதல் இரண்டு மூன்று வருஷம் இது ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது. பத்மாவுக்குக் கதை சொல்ல வரும். இராமகிருஷ்ணன் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதை அவள் நடித்துக் காட்டினால், சரித்திரத் துறைக் கமலம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர்களுக்கு அந்தக் கதை உண்டு. 'நான் மதியைவிட அரை நாள் ஜூனியர்' என்று முடிப்பாள். துறையில் கூட்டம் நடந்தால் மதிவதனி பெயருக்குக் கீழேதான் பத்மா பெயர் வரும். எல்லாரும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். சொல்பவள் பத்மா, அவளே சொல்லும்போது யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அந்த நாட்களில் பத்மா மதிவதனியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது கிடையாது. பாவப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்பில் மதிவதனி சுத்தமாகத்தான் பேசுவாள். ஆசிரியர் அறைக்கு வந்தால் 'வந்துகினு', 'போய்கினு' என்று திருமழிசை வந்துவிடும். பத்மா அவளைத் தனியே கூப்பிட்டு, இப்படிப் பேசினால் உன்னை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று பரிவோடு எடுத்துச் சொன்னாள். மதிவதனி சிரித்துக்கொண்டு தலையாட்டினாள், மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு தீபாவளிக்குப் புடவை எடுக்கவும் பத்மாதான் அவளை அழைத்துப் போனாள். மாம்பழ நிறத்தில் கரும்பச்சைக் கரை போட்ட பருத்திப் புடவை, பத்மா தேர்ந்தெடுத்தது.

இருவரும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார்கள். பத்மா எடுத்துக்கொண்டது மத்திய மாநில உறவுகள். நூலகத்தில் உட்கார்ந்து, அடிக்குறிப்பு பிசகாமல் எழுதி, பட்டம் வாங்கி, தங்க எழுத்து பொறித்து அட்டை கட்டிய பிரதியை வரவேற்பறை அலமாரியில் வைத்தாள். மதிவதனி எடுத்துக்கொண்டது ஊராட்சிகளில் பெண் தலைவர்கள். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் மனைவி ஜெயிப்பாள், நாற்காலியில் கணவன் உட்காருவான். அது எப்படி நடக்கிறது, எந்த ஊரில் நடக்கவில்லை, நடக்காத ஊரில் அந்தப் பெண் என்ன செய்தாள் என்று பூந்தமல்லி ஒன்றியத்துக் கிராமம் கிராமமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தாள். திங்கட்கிழமை செருப்பில் சேற்றோடு வருவாள். இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா, நாலு பொம்பளைகளிடம் ஊர்க்கதை கேட்டு எழுதுவதற்குப் பட்டமா என்று பத்மா வீட்டில் இராமகிருஷ்ணனிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த ஊர்க்கதை புத்தகமாக வந்தது. டெல்லியிலிருந்து ஒருவர் அதைத் தேடிக்கொண்டு கல்லூரிக்கே வந்தார். அன்றைக்குத்தான் பத்மாவுக்கு முதன்முதலாக நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

பிறகு துறைத் தலைவர் ஓய்வுபெற்றார். முதல்வர் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். உங்களில் யார் சீனியர் என்று கேட்டார். பத்மா அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வாரமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள். ஆனாலும் எடுத்த எடுப்பில் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் போதும் போதும் என்று இலை மேல் கையை நீட்டுகிறோமே, அப்படி நீட்டினாள். நான் அரை நாள் ஜூனியர் சார் என்று ஆரம்பித்து ராகுகாலக் கதையைச் சொன்னாள். முதல்வர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியானால் மதிவதனியே இருக்கட்டும் என்றார். மதிவதனி 'அய்யோ வேணாம், பத்மாவே இருக்கட்டும்' என்பாள், இவள் 'இல்லை நீயே இரு' என்பாள், அப்புறம் முதல்வர் வற்புறுத்துவார் என்று பத்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மதிவதனி, சரி சார் என்றாள்.

ரொம்ப சந்தோஷம் சார் என்று சொல்லிவிட்டுப் பத்மா வெளியே வந்தாள். அன்று மாலை வீட்டில் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கடியில் வீசினாள். இராமகிருஷ்ணன் குனிந்து எடுத்துத் தூசி தட்டி மாட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒன்றைப் பிடித்து ஒன்று. துறைத் தலைவர் என்பதால் மதிவதனிக்குப் பாடத்திட்டக் குழுவில் இடம். பாடத்திட்டக் குழுவில் பேசிய பேச்சால் கல்விப் பேரவையில் இடம். அங்கே பார்த்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராகக் கூப்பிட்டார்கள். உள்ளாட்சி ஆய்வுக்கு ஒரு மையம் ஆரம்பித்து அவளை இயக்குநராக்கினார்கள். தேர்தல் முடிவு வரும் நாட்களில் தொலைக்காட்சியில் நாலு பேருக்கு நடுவே உட்கார்ந்து, எந்தத் தொகுதியில் யார் ஏன் தோற்றார் என்று அவள் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பேச்சுவாக்கில் திருமழிசை எட்டிப் பார்க்கும். அதையே ஜனங்கள் ரசித்தார்கள். பத்மா சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பாள். ஒரு தடவை மாம்பழ நிறத்தில் கரும்பச்சைக் கரை. அது நான் எடுத்துக் கொடுத்தது என்று இராமகிருஷ்ணனிடம் சொன்னாள். அவர் நன்றாக இருக்கிறது என்றார். அன்று அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

மதிவதனி போனபின் பத்மா துறைத் தலைவர் ஆனாள். அதில் என்ன சுகம்? பழைய இலையில் புதுச் சோறு போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டினார்கள், மகன் படித்து வேலைக்குப் போனான், எதுவும் அந்தக் காந்தலை ஆற்றவில்லை. மதிவதனி ஏறிய ஒவ்வொரு படியிலும் பத்மா தன்னை நிறுத்திப் பார்த்துக்கொண்டாள். அந்த அரை நாள் மட்டும் முந்தியிருந்தால் தலைவர் நான், பேரவையில் நான், தொலைக்காட்சியில் நான். துறைத் தலைவர் ஆனவர்கள் எல்லாம் துணைவேந்தர் ஆவதில்லை என்று அவளிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. சொன்னாலும் அவள் ஏற்றிருக்க மாட்டாள். அவளுடைய ஆறுதல் அது ஒன்றுதான். தான் திறமையில் குறைந்தவள் இல்லை, ஒரு ரயிலும் ஒரு காலண்டரும் ஒரு புருஷனும் சேர்ந்து கவிழ்த்துவிட்டார்கள். அதைத் தொட்டுக்கொண்டுதான் அவள் தினமும் சோறு தின்றாள்.

துணைவேந்தர் ஆனவருக்குப் பழைய கல்லூரியில் பாராட்டு விழா என்று முடிவானது. துறையில் இளையவரான யூசுப் ஓடியாடி ஏற்பாடு செய்தார். அறிமுகவுரைக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் மேடம், நீங்கள்தானே அவருடைய நெருங்கிய தோழி என்றார். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பத்மா உற்றுப் பார்த்தாள், இல்லை. ஒப்புக்கொண்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், பேச்சுக்கு ஒரு தேதியைச் சரிபார்க்க அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகக் கண்காணிப்பாளர் நாகப்பன் புதியவர், போன வருஷம்தான் வந்தார், ராகுகாலக் கதை இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பத்மா வழக்கம்போல நடித்துக் காட்டினாள். நாகப்பன் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

முற்பகல், பிற்பகல் எல்லாம் அந்த நாள் சம்பளத்துக்குத்தான் மேடம், சீனியாரிட்டிக்கு இல்லை என்றார். நம்முடைய நிர்வாகத்தில் ஒரே நாளில் இரண்டு பேர் சேர்ந்தால் வயதில் மூத்தவர்தான் மூத்தவர், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான், உங்களில் யார் பெரியவர் என்று கேட்டார்.

பத்மா எட்டு மாதம் பெரியவள். இரண்டு பேர் பிறந்தநாளையும் துறையில் கேக் வெட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். கல்லூரிக்கே தெரியும்.

அவள் ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது ஆத்திரம்கூட இல்லை, ஒரு மாதிரியான சந்தோஷம். அது என் நாற்காலி. இத்தனை வருஷம் விதி என்று நினைத்தேன், விதி இல்லை, என்னுடையதை எடுத்துக்கொண்டிருக்கிறாள். மேடையில் அத்தனை பேர் முன்னால், அவளுக்குப் பொன்னாடை போர்த்தியபின், சிரித்த முகத்தோடு இதைச் சொல்லப் போகிறேன் என்று தீர்மானித்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கினாள். நெடுநாளைக்கப்புறம் அவளுக்கு நன்றாகப் பசித்தது. இராமகிருஷ்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. மேடையிலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

விழா அன்று மதிவதனி காரில் வந்து இறங்கினாள். முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. முதல்வர் அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். மேடை தயாராக நேரமாகும் என்று முதல்வரும் யூசுப்பும் அரங்கத்துக்கு ஓடினார்கள். அறையில் இருவர் மட்டும்.

மேடை வரை பொறுக்கப் பத்மாவால் முடியவில்லை. "மதி, நான் உன்னைவிட எட்டு மாசம் மூத்தவ" என்றாள்.

மதிவதனி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். திடுக்கிடவில்லை. "யாரு சொன்னா? ஆபீஸ்லயா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியிலேயே பத்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டாள். அன்றைக்கே தெரியும் என்றாள் மதிவதனி. முதல்வர் கூப்பிட்டு அனுப்பியதும் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத்தான் அறைக்கு வந்தாளாம். பதவி பத்மாவுக்குத்தான் என்று தெரிந்து, கைகொடுத்து வாழ்த்துச் சொல்லலாம் என்றுதான் வந்தாளாம்.

"அப்புறம் ஏன் சொல்லலை? பத்மாதான் சீனியர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லிருக்கலாம்" என்றாள் மதிவதனி. "நீதான் ராகுகால கதைய சொல்லிகினு இருந்த. அவரு சிரிச்சாரு, மதிவதனியே இருக்கட்டும்னாரு. நீ ரொம்ப சந்தோஷம் சார்ன. காபி வேணான்னா ரெண்டாந்தபா கேப்பாங்க பத்மா. நாற்காலி வேணான்னா யாரு ரெண்டாந்தபா கேப்பா? எங்க ஊட்ல யாரையும் ஒரு தபாகூட யாரும் கேட்டது கெடையாது. வந்துச்சு, உக்காந்துட்டேன்."

இத்தனை வருஷம் கிராமம் கிராமமாக அலைந்து, நாற்காலியில் யார் எப்படி உட்காருகிறார்கள் என்று ஆராய்ந்தவள் மதிவதனி. தனக்குப் பக்கத்தில் இருந்தது அவள் கண்ணில் படாமலா போகும்?

"எனுக்கு வோணும்னு நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா எழுந்துருப்பேன்" என்றாள் மதிவதனி. அது மெய்யா பொய்யா என்று பத்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மதிவதனிக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். பிறகு அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "மேடைல சொல்றதுன்னா சொல்லு பத்மா. நா இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஓய்வுபெற்ற கமலம், மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இராமகிருஷ்ணன். பொன்னாடை போர்த்தியாயிற்று, பத்மாவைப் பேச அழைத்தார்கள். மதிவதனியின் படிப்பு, புத்தகம், பதவிகள் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னாள். அடுத்து வர வேண்டியது அந்த வாக்கியம். இரண்டு நாளாக அடுக்கி வைத்தது நுனிநாக்கில் நின்றது.

நானும் இவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம் என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், கமலம் இப்போதே சிரிக்கத் தயாராகிவிட்டாள். பத்மா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்த முகங்கள் எல்லாம் என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. மதிவதனி ஏன் எடுத்துக்கொண்டாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. நீங்கள் ஏன் மேடம் கேட்கவில்லை என்றுதான் கேட்பார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அரசியல் சாசனமும் விதிகளும் சொல்லிக்கொடுத்தவள், தன் கல்லூரி விதியை ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை. வேண்டும் என்று வாய்திறந்து கேட்கக் கூச்சப்பட்டு, கதை சொல்லிச் சிரிக்கவைத்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். ரயில் இல்லை, காலண்டர் இல்லை, யாரும் இல்லை.

மைக்கின் முன்னால் பத்மா இடது கையைத் தூக்கி, இல்லாத கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

அரங்கம் சிரித்தது. டீக்கடை பெஞ்சு, காக்கிச் சட்டை, முற்பகல், பிற்பகல் என்று ஒன்று விடாமல் சொன்னாள். இதுவரை சொன்னதிலேயே இதுதான் நன்றாக வந்தது. 'அந்த அரை நாளில் இவர் துணைவேந்தர், நான் இன்னும் அதே டீக்கடைக்கு எதிரில்' என்று முடித்தபோது மாணவர்கள் விசிலடித்தார்கள். மதிவதனி மேடையில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். பத்மாவுக்கு அவள் கழுத்தை நெறிக்க வேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லி இறங்கினாள்.

மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. இராமகிருஷ்ணன் அவளுடைய கைப்பையையும், விழாவில் கொடுத்த சால்வையையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் அவர் இன்னும் சாதுவாகிவிட்டிருந்தார். திருமுல்லைவாயல் தாண்டியபின் மெதுவாக ஆரம்பித்தார்.

"பத்மா, ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா நீ அந்தக் கதையைச் சொல்றப்போல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டு இருந்துட்டேன். இன்னைக்கு அந்தம்மா அந்தப் பெரிய நாற்காலியில உக்காந்திருக்கறதப் பாத்தப்போ எனக்குச் சிரிப்பு வரல. விளையாட்டுக்குச் சொல்லாம நெஜமாச் சொல்லு. அன்னைக்கு நான் உன்னைத் தடுக்காம இருந்திருந்தா, நீ அங்க உக்காந்திருப்பேல்ல?"

பத்மா திரும்பிப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றி வாய்திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. காலண்டரை வீசியபோதும் கேட்கவில்லை, ரசம் இல்லாமல் சாப்பிட்டபோதும் கேட்கவில்லை. உங்களால் இல்லை என்று சொன்னால் போதும், அந்த மனிதர் இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் சொன்னால், பின்னே யாரால் என்று அடுத்துக் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மதிவதனி தெற்கே போய்விடுவாள், பத்மா அதோடுதான் குடியிருக்க வேண்டும்.

"ஆமாங்க" என்றாள் பத்மா. "உங்களாலதான்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திருநின்றவூர் வந்ததும் முதலில் எழுந்து, கூட்டத்தை விலக்கி, அவள் இறங்க வழி விட்டு நின்றார்.